மூன்று இலவச நாட்கள்

நான் ஒரு பொய் சொன்னேன். "ரூம் காலி இல்லை" என்பதுதான் அந்தப் பொய். சொன்னபோது என் முதுகுக்குப் பின்னால் பலகையில் பதினொரு சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எதிரே, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாட்கள் கழித்து அவளுடைய குழந்தை மலைப்பாதையில், ஒரு வண்டிக்குள் பிறந்து, அங்கேயே இறந்துபோயிற்று.

எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கவேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிப்பதும், மூடி வைத்துவிட்டுப் போவதும் உங்கள் இஷ்டம்...

நம்புங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. நான் யாரையும் நம்பியவன் அல்லன். நம்பாமல் இருப்பதற்காகவே பல வருடங்கள் சம்பளம் வாங்கியவன். இதை எழுதும்போதுகூட, இவன் எதற்காக இப்போது வாயைத் திறக்கிறான் என்று என்மீதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்களுக்கும் அது வந்திருந்தால் தப்பில்லை.

என் பெயர் தனசேகர். சொந்த ஊர் தியாகதுருகம். கள்ளக்குறிச்சியில், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு தெருவில் இருக்கும் மூன்று மாடி லாட்ஜில் மேலாளர். தினமும் பைக்கில் வந்துபோகிறேன். அதற்கு முன்னால் சென்னையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே நான் இருந்த பிரிவுக்கு ஓர் அழகான வேலை கொடுத்திருந்தார்கள். விருந்தினரின் விசுவாசத்தை வளர்ப்பது!

வெள்ளி அட்டை, தங்க அட்டை என்று வைத்திருந்தார்கள். தங்கத் தங்கப் பாயிண்ட் சேரும். சேர்ந்த பாயிண்டை விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். விமானத்தில் பறந்து சேர்த்த பாயிண்டை எங்களிடம் கொண்டுவந்து அறையாக மாற்றிக்கொள்ளலாம். வருபவருக்கு மெத்தென்ற தலையணை பிடிக்குமா, காபியில் சர்க்கரை கம்மியா என்று எல்லாவற்றையும் கணினியில் குறித்து வைப்போம். அடுத்த முறை அவர் கேட்காமலே அது மேசைக்கு வரும். மனிதர் உருகிப்போவார்.

என் வேலை அந்தப் பக்கம் இல்லை. யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. வருடக் கடைசியில் தங்க அட்டை போய்விடுமே என்ற பயத்தில், காலையில் கோயம்புத்தூருக்குப் பறந்து, அங்கே விமான நிலையத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி வந்த ஒரு பெரிய மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலையும் இல்லை. அண்ணன் தம்பி நான்கு பேர் ஒரே பெயரில் மாறி மாறித் தங்கிப் பாயிண்ட் சேர்த்ததைக் கையெழுத்தை வைத்துப் பிடித்தவன் நான். சேகர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது. மீன்காரர் தராசு, ஸ்கூல் வேன் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்கும் ஏணி, எதையும் நான் விட்டுவைத்ததில்லை. "என் மூஞ்சியக்கூட ஆதார் கார்டோட ஒத்துப் பாக்குற ஆளுதான நீ" என்று என் மனைவி சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானதும் லாட்ஜுகள் முளைத்தன. கோர்ட்டுக்கு வருபவர்கள், கலெக்டர் ஆபீசுக்கு வருபவர்கள், விதைக் கம்பெனிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் என்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நானும் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தேன். முதலாளி செல்வராசு அரிசி மில்லில் சம்பாதித்தவர். நான் சென்னை அட்டைக் கதையைச் சொன்னதும் அவருக்குக் கண் விரிந்தது.

"நம்மகிட்டயும் கார்டு போடு சேகரு. ஒருவாட்டி வந்தவன் வேற லாட்ஜ் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது" என்றார்.

போட்டேன். பத்து நாள் தங்கினால் ஒரு நாள் இலவசம். வருடத்தில் அதிகம் தங்கிய உறுப்பினருக்குச் சால்வை, வரவேற்பறையில் சட்டம் போட்ட புகைப்படம், அதோடு கல்வராயன் மலையில் முதலாளி கட்டியிருந்த பங்களாவில் குடும்பத்தோடு இரண்டு நாள் சாப்பாட்டுடன் தங்கல். விதிகளையெல்லாம் நானே எழுதினேன். ஏழாவது விதி, சலுகை அட்டைக்காரருக்கு மட்டுமே, பிறருக்கு மாற்றித் தரக்கூடாது என்பது. அதை எழுதும்போது சென்னையில் பிடிபட்ட அந்த நான்கு பேரும் என் நினைவில் இருந்தார்கள்.

இனி லூர்துமேரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சங்கராபுரம் பக்கத்துக் கிராமம். மலைமேல் ஒரு விடுதிப் பள்ளியில் சமையல் வேலை. கையில் ஒரு குடை, துணிப்பை, தூக்குவாளி. மாதத்துக்கு ஒரு முறை வருவாள். இருப்பதிலேயே சின்ன அறையைத்தான் கேட்பாள். கூடவே எப்போதும் ஒரு பெண் இருப்பாள், ஒவ்வொரு முறையும் வேறொரு பெண். எல்லோரும் மலை ஊர்க்காரர்கள், எல்லோரும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள்!

பதிவேட்டில் "வந்த காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் லூர்துமேரி ஒவ்வொரு முறையும் "சொந்த வேலை" என்றே எழுதினாள்.

வரும்போது இரண்டு பேர் வருவார்கள். மூன்று நாளோ, ஐந்து நாளோ கழித்து லூர்துமேரி மட்டும் தனியாக வந்து அறையைக் காலி செய்துவிட்டுப் போவாள். அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்க்க முடியாது. குழந்தையையும் பார்க்க முடியாது. இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

நான் நினைத்ததைச் சொல்லவே நா கூசுகிறது. பிள்ளை விற்கிறாள் என்று நினைத்தேன். மலையில் வறுமை, வயிற்றில் பிள்ளை, நடுவில் ஒரு தரகு... செய்தித்தாளில் வந்ததெல்லாம் என் தலைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கணினியில் அவள் பெயருக்கு எதிரே, குறிப்பு எழுதும் இடத்தில், "கவனிக்கவும்" என்று போட்டு வைத்தேன். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் என்ன தலையணை, எத்தனை மணிக்குக் காபி என்று இருக்கும். லூர்துமேரி எங்கள் லாட்ஜில் முப்பது நாட்களுக்குமேல் தங்கியிருந்தாள். அவள் காபி குடிப்பாளா, டீ குடிப்பாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? ஒரே ஒரு முறை, சாவி கொடுக்கும்போது, "டெலிவரிக்கா வந்திருக்கீங்க?" என்று போகிற போக்கில் கேட்டேன். கூட வந்திருந்த பெண் சட்டென்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். லூர்துமேரி, "சொந்த வேலைங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். ஆகா, மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அறை துடைக்கும் செல்வியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவளுக்கு மலையடிவாரத்து ஊர்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? வராங்க, போறாங்க" என்று அவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பிள்ளை பிறக்கும்வரை தேதியையும் இடத்தையும் அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது மலை ஊர்களில் கட்டுப்பாடு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களின் வீடுகளில் லூர்துமேரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்களாம். இது எனக்குப் புரியாத விஷயமா என்ன? என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, யார் கேட்டாலும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லு என என் அம்மா என்னையே மிரட்டி வைத்திருந்தாள். நானும் அலுவலகத்தில் வாயைத் திறக்காமல்தான் திரிந்தேன். எங்கள் வீட்டில் நடந்தால் அது வழக்கம். மலைக்காரி செய்தால் கள்ளத்தனம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது!

விஷயம் சாதாரணமானது. மலையின் உள் ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர நேரமாகும். வலி வந்தபின் கிளம்பினால் பாதி வழியில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அதனால் நாள் நெருங்கும்போதே லூர்துமேரி அந்தப் பெண்ணைக் கீழே கூட்டிவந்து பக்கத்தில் தங்க வைத்து, வலி கண்டதும் ஆட்டோவில் ஏற்றிவிடுவாள். பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் லாட்ஜில் அவளுக்கென்ன வேலை? லூர்துமேரி தனியாக வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். தாயும் பிள்ளையும் அங்கிருந்தே நேராக மலைக்குப் போய்விடுவார்கள். அறை வாடகையை அந்தந்த வீட்டார் எப்படியோ புரட்டித் தந்தார்கள். வாயைத் திறந்து மரியாதையாக இரண்டு நிமிடம் பேசியிருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும்...

இதுவரை படித்தவர்கள், சரி, ஒரு சந்தேகப்பிராணி தெரியாமல் செய்த தவறு என்று என்மீது கொஞ்சம் இரங்கியிருக்கலாம். அந்த இரக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை.

வருட முடிவில் முதலாளி கேட்டார், "யாருப்பா நம்ம பர்ஸ்ட் மெம்பரு? பேரக் குடு, பேனர் அடிக்கணும்."

கணினியில் வரிசைப்படுத்தினேன். முதல் பெயர், லூர்துமேரி.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ரப்பர் செருப்பும் தூக்குவாளியுமாக இவளை மேடையேற்றி, சால்வை போட்டு, வரவேற்பறையில் இவள் படத்தை மாட்டுவதா? அதுவும் மலையிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு மலையில் இரண்டு நாள் தங்கப் பரிசா? முதலாளி சிரிப்பார், வருகிறவர்கள் சிரிப்பார்கள், சென்னை அட்டைக் கதை சொன்ன என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இரண்டாவது பெயர் ஒரு போர்வெல் காண்ட்ராக்டருடையது. வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி, வாசலில் நிற்கும் கார். படத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

அப்போதுதான் என் சந்தேகத்தை நான் தூசி தட்டி எடுத்தேன். ஆமாம், எடுத்தேன் என்பதுதான் சரி. அதுவரை அது சும்மா கிடந்தது. உண்மையிலேயே பிள்ளை விற்கிறாள் என்று நம்பியிருந்தால் போலீசுக்கல்லவா போயிருக்கவேண்டும்? போகவில்லையே! நான் போனது ஏழாவது விதிக்கு. வேறு வேறு பெண்களைத் தன் அட்டையில் தங்க வைக்கிறாள் என்று காரணம் எழுதி, அவள் உறுப்பினர் தகுதியை ரத்து செய்தேன். சேர்ந்திருந்த மூன்று இலவச நாட்களும் அதோடு போயின. காண்ட்ராக்டர் பெயர் மேலே ஏறி உட்கார்ந்தது. ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான்.

ரத்தான செய்தி அவள் கைபேசிக்கு ஆங்கிலத்தில் போயிருக்கும். அவள் அதைப் படித்திருக்கமாட்டாள்.

பாராட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், லூர்துமேரி வந்தாள். கூட வந்தவளுக்கு இருபது வயதுகூட இராது. பெயர் ராமாயி. மலைக் குளிருக்குப் போட்ட ஆண்பிள்ளை ஸ்வெட்டரை இன்னும் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ் அலைச்சலில் முகம் வெளுத்திருந்தது.

"ரூம் இருக்குதுங்களா சார்?" என்றாள் லூர்துமேரி. "இந்த வாட்டி கார்டுல சேந்திருக்குற மூணு நாள எடுத்துக்கலாம்னு வந்தோம். இந்தப் பொண்ணுக்குன்னே அத தொடாம வெச்சிருந்தேன். இவ வூட்டுக்காரரு வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு. கையில ஒண்ணும் இல்ல."

"உங்க கார்டு கேன்சல் ஆயிடுச்சும்மா."

"ஏன் சார்?"

"உங்க கார்டுல வேற வேற ஆளுங்கள தங்க வெச்சிருக்கீங்க. அது ரூல்ஸ் கெடையாது."

அவள் அட்டையை எடுத்து மேசைமீது வைத்தாள். "ஒவ்வொரு வாட்டியும் நானும் கூடத்தானே சார் தங்குறேன்? ரூம் என் பேர்லதானே போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அட்டைக்காரி அறையில்தான் இருந்தாள். ஏழாவது விதியை அவள் ஒருநாளும் மீறவில்லை. நான் எழுதிய விதியை எனக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் எடுத்துடுச்சு. நான் இன்னா பண்ண முடியும்?" என்றேன்.

"சரிங்க சார். அப்ப இன்னைக்கு ஒரு நாளைக்கு நானே வாடகை கட்டிடுறேன். நாளைக்கு எங்கனா பாத்துக்கலாம். ரூம் குடுங்க."

கொடுத்திருக்கலாம். கொடுத்தால், விழா நாளில் இவள் இதே வரவேற்பறையில் நடமாடுவாள். காண்ட்ராக்டர் படத்தை மாட்டும்போது பார்ப்பாள். என் கார்டு என்னாச்சு என்று முதலாளி முன்னாலேயே கேட்டாலும் கேட்பாள். அரை நொடியில் இவ்வளவையும் கணக்குப் போட்டது என் மூளை.

"ரூம் காலி இல்லம்மா. எல்லாம் புல்."

லூர்துமேரி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சாவிகளை எண்ணியிருப்பாளோ என்னவோ. மேசைமீது குனிந்து, ராமாயிக்குக் கேட்காதபடி, குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"வெளியில சொல்லக் கூடாதுன்னு சொல்லிதான் சார் அனுப்பிச்சாங்க. உங்ககிட்ட சொல்றேன். தேதி கிட்ட வந்துடுச்சு. கொழந்த தலை திரும்பல, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரே ஒரு ரூம் பாருங்க சார்."

கேட்டீர்களா? எல்லாம் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் நான் கட்டி வைத்திருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே பொடிந்துபோயிற்று. பிள்ளை விற்கிறவள் அப்படிப் பேசமாட்டாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பின்னும்...

தெரிந்த பின்னும், "இல்லம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்று ராமாயியைக் கைகொடுத்து எழுப்பினாள். குடையை விரித்துக்கொண்டு இருவரும் வெயிலில் இறங்கிப் போனார்கள். அப்புறம் தெரிந்துகொண்டேன், பக்கத்தில் இரண்டு லாட்ஜில் நிறைமாதக்காரியைத் தங்க வைக்கப் பயந்து மறுத்திருக்கிறார்கள். மூன்றாவதில் கேட்ட வாடகை இவர்களிடம் இல்லை. இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று மலை பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார்கள்.

விழா நன்றாக நடந்தது. "இந்த லாட்ஜ் எனக்கு வூடு மாதிரி" என்று காண்ட்ராக்டர் மைக்கில் நெகிழ்ந்தார். அடுத்த மாதமே லிஃப்ட் வசதியுள்ள புது லாட்ஜுக்கு மாறிப்போனார். அவர் படம் மட்டும் இன்னும் எங்கள் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

விழா முடிந்து நான்கு நாள் கழித்து, வரவேற்பறையைத் துடைத்துக்கொண்டே செல்வி சொன்னாள்.

"அந்த மலைக்காரப் பொண்ணு ராமாயிக்கு முந்தாநாளு வலி வந்துடுச்சாம் சார். ஜீப்புல ஏத்திகினு வந்திருக்காங்க. ஒரே மழையாம். வளைவு எறங்கும்போதே பொறந்துடுச்சு. ஆம்பளப் புள்ள. அழவே இல்லையாம்."

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு இங்க ரூம் இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்" என்றாள். துடைப்பதை நிறுத்தவில்லை. அன்றைக்குக் காலி அறைகளையெல்லாம் துடைத்து விளக்கணைத்தவள் அவள்தான். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்து நல்லபடியாகச் சிரித்தாலும் உள்ளர்த்தம் தேடுகிறேன். முதலாளி, "சேகரு, ஒரு விஷயம் பேசணும்" என்றால் முதலில் செல்வி எங்கே என்று தேடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா? தெரிந்த நர்ஸ் ஒருவரிடம், யாருக்கோ நடந்ததைப்போல் விசாரித்தேன். "சொல்ல முடியாது, பெரும்பாலும் காப்பாத்தியிருப்பாங்க" என்றார். அதில் "சொல்ல முடியாது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பல மாதங்களை ஓட்டினேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் எனக்கு!

லூர்துமேரி மறுபடி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதத்தில் வந்தாள், வேறொரு பெண்ணோடு. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவள் அட்டையை எப்போதோ சரிசெய்து வைத்திருந்தேன். பழைய மூன்று இலவச நாட்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"அது அந்தப் பொண்ணுக்கு வெச்சிருந்ததுங்க. வேற ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்று வாடகையை எண்ணி வைத்தாள்.

அதன்பின் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஒருமுறையும் இலவச நாளைத் தொட்டதில்லை. இது விசுவாசமா? அப்படியெல்லாம் நான் என்னை ஏமாற்றிக்கொள்ளமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், அவளுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில், வேறு இடம் இல்லை. என்னைப் பிடித்து வருகிறவள் இல்லை, என்னைச் சகித்துக்கொண்டு வருகிறவள்.

சென்ற வாரம் லூர்துமேரியோடு ராமாயி வந்தாள். மறுபடி நிறைமாதம்.

நான் பதிவேட்டைத் தேடுவதுபோல் குனிந்தேன். அவளோ என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ரூம் இருக்குதுங்களா சார்? இல்லன்னாலும் சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்துக்கிறேன். மலைக்குத் திரும்ப மாட்டேன்."

"இருக்கும்மா, இருக்கு."

"போன வாட்டி இல்லாம போச்சு. உங்க மேல இன்னா தப்பு சார், நெறைய பேரு வராங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

அவளிடம் உண்மையை யாரும் சொல்லவில்லை! லூர்துமேரி இத்தனை நாளும் அதை விழுங்கி வைத்திருந்திருக்கிறாள். எனக்காகவா? இருக்காது. சொன்னால் அவள் வீட்டு ஆண்கள் கீழே இறங்கி வருவார்கள், தகராறாகும், அடுத்து வரும் பெண்களுக்கு இந்த லாட்ஜ் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று நினைத்திருப்பாள். இதுவும் என் ஊகம்தான். அவள் மனத்தில் இருப்பதைச் சரியாக ஊகித்த வரலாறு எனக்கு இல்லை.

ராமாயி படியேறிய பிறகு லூர்துமேரி பதிவேட்டில் கையெழுத்துப் போட நின்றாள். நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "புள்ள பொறக்குற வரைக்கும் அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சார். அப்பறம் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

ஐந்து நாள் மேலே இருந்தார்கள். அவர்கள் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூடவே, பிறந்தால் சொல்லவேண்டுமே என்ற பயமும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் விடிந்ததும் ஆட்டோ வந்தது. நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தேன். ஏறும்போது ராமாயி மறுபடியும் என்னைக் கும்பிட்டாள்.

நேற்று முற்பகல் லூர்துமேரி தனியாக வந்தாள்.

"பொண்ணு சார். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பா."

சொல்லிவிட்டுப் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். ஆட்டோவில் பத்து நிமிடம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. வரவேற்பறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கும் அவசரம் இல்லை போலிருந்தது.

உங்களிடம் இவ்வளவு நீளமாக ஒப்புக்கொள்ள முடிகிற எனக்கு...

"ரூமைக் காலி பண்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் சாவியை மேசைமீது வைத்தாள். "ஆமாங்க சார்" என்றாள்.